ஆவியும் ஆளும்: கெடா தோட்டத் தமிழ்க் கிறிஸ்தவரிடையே திரித்துவச் சிந்தனை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் சமய வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் கோயில்களையும் திருவிழாக்களையும் சீர்திருத்த இயக்கங்களையும் பற்றியே எழுதியுள்ளனர். தமிழ்க் கிறிஸ்தவரைப் பற்றிய குறிப்புகள் ஆங்காங்கே காணப்படினும், அவை ஆலயம் கட்டப்பட்ட ஆண்டு, பணியாற்றிய குருமார் பட்டியல், பள்ளி தொடங்கிய செய்தி என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அம்மக்கள் எதனை நம்பினர், நம்பியதைத் தமிழில் எவ்வாறு சொல்லிக்கொண்டனர், எங்கே தம்முள் வேறுபட்டனர் என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் நூற்றுக்கு ஆறு பேர் அளவினர் கிறிஸ்தவர். இவர்களுள் ஒரு பகுதியினரின் வேர், கெடா மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் உள்ளது.

கிறிஸ்தவ சமயத்தின் நடுநாயகமான கோட்பாடு திரித்துவம். கடவுள் ஒருவரே, ஆயினும் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்பது அதன் சாரம். மூவருள்ளும் மகனாகிய கிறிஸ்துவுக்கும் ஆவிக்கும் உள்ள உறவு யாது என்பது பதினாறு நூற்றாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருவது. கிரேக்க, இலத்தீன் அறிஞரின் இவ்வழக்கு கெடா தோட்ட லயங்களில் வாழ்ந்த பால்வெட்டுத் தொழிலாளரைத் தொட்டதா? தொட்டது என்பதே நம் கருத்து. ஆனால் அது ‘ஆவி’ என்னும் ஒரு தமிழ்ச் சொல்லின் வழியாகவே வந்தது. அதனைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கெடாவும் தமிழ்க் கிறிஸ்தவரும்

கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறிப்பிடும் நிலப்பகுதியைத் தமிழர் அறிந்தது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே. மெர்போக் ஆற்றை அடுத்த பூஜாங் பள்ளத்தாக்கின் பௌத்த, இந்து சமயச் சின்னங்கள் அத்தொடர்புக்குச் சான்று. கிறிஸ்தவம் இங்குக் கால் வைத்தது மிகப் பிற்காலத்தில். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சயாமிலிருந்து வந்த கத்தோலிக்கர் சிலர் கோல கெடாவில் பிரெஞ்சு மறைப்பணியாளர் கார்னோவின் வழிகாட்டலில் தங்கினர். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கைக் கைக்கொண்டபோது அவர்களுள் பலர் அத்தீவுக்குப் பெயர்ந்தனர். இவர்கள் தமிழரல்லர்.

தமிழ்க் கிறிஸ்தவர் கெடாவில் தொகையாகக் குடியேறியது இரப்பரோடு. 1909ஆம் ஆண்டு ஆங்கிலோ–சயாமிய ஒப்பந்தத்தால் கெடா பிரிட்டிஷ் மேலாண்மையின் கீழ் வந்தது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் கூலிம், கோல மூடா மாவட்டங்களில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், லூனாஸ் முதலிய ஊர்கள் அத்தோட்டங்களை நம்பியே வளர்ந்தன. கங்காணி முறையில் வந்த தொழிலாளருள் பெரும்பாலோர் அம்மன், முனியாண்டி, மதுரைவீரன் முதலிய தெய்வங்களை வணங்கியோர். அவர்களிடையே கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபினர் எனக் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்தன. கிராணிகளாகவும் மருந்தகப் பணியாளராகவும் ஆசிரியராகவும் வந்த யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் தத்தம் திருச்சபை மரபுகளைக் கொணர்ந்தனர். இந்தியாவிலிருந்து உதவித்தொகை பெற்றுத் தொழிலாளர் வருவது 1938இல் தடைசெய்யப்பட்டபோது இச்சிறு சமூகங்கள் வேரூன்றியிருந்தன.

நாட்டளவில் நோக்கின், மெதடிஸ்டுத் திருச்சபை 1885இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர்த் தமிழரிடையேயும் பணியாற்றியது. 1968இல் அது தன்னாட்சி பெற்ற காலத்தில் தமிழருக்கெனத் தனி ஆண்டு மாநாடு அமைந்தது. தமிழ் லுத்தரன் பணி 1907இல் தொடங்கியது. கத்தோலிக்கரைப் பொறுத்தவரை, 1955இல் நிறுவப்பட்ட பினாங்கு மறைமாவட்டத்தில் கெடாவும் அடங்கும். குருவானவர் நகரத்தில் இருப்பார். தோட்டத்திற்கு எப்போதாவது வருவார். இடைப்பட்ட நாள்களில் செபத்தை நடத்தியவர் உபதேசியார் அல்லது எழுத்தறிந்த ஒரு தொழிலாளி. ஆகவே தோட்டத்துச் சமய அறிவு பெரிதும் மனப்பாடமான செபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் சார்ந்திருந்தது. சொற்களை ஆராய்வது நமக்கு இன்றியமையாததாவது இதனாலேயே.

பழைய வழக்கு

கி.பி. 325இல் நீசேயாவில் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே தன்மையர் என்று அறுதியிட்டது. ஆவியைப் பற்றி அது நம்பிக்கையை மட்டும் அறிக்கையிட்டு, விளக்கம் கூறவில்லை. ஆவி கடவுளால் படைக்கப்பட்ட ஓர் ஆற்றலே என்போர் அதன்பின் எழுந்தனர். அவர்களுக்கு விடையாக 381இல் கொன்ஸ்தாந்திநோபிள் சங்கம், ஆவியும் தந்தை, மகனோடு ஒருங்கே வழிபடப்படுபவர் என்றும், தந்தையிடமிருந்து புறப்படுபவர் என்றும் அறிவித்தது.

மேற்றிசைத் திருச்சபை பிற்காலத்தில் இவ்வறிக்கையில் ‘மகனிடமிருந்தும்’ என்னும் ஒரு சொல்லைச் சேர்த்தது. 589இல் ஸ்பெயினின் தொலேதோ சங்கத்தில் இக்கருத்து வலியுறுத்தப்பட்டது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரோமையிலும் அச்சொல் வழிபாட்டில் இடம்பெற்றது. மகனை விலக்கி ஆவியைப் பற்றிப் பேசலாகாது என்பது மேற்கின் கவலை. ஆவி மகனுக்குக் கீழ்ப்பட்டவராகிவிடுவாரோ, தந்தையே மூலம் என்னும் உண்மை மங்கிவிடுமோ என்பது கிழக்கின் கவலை. 1054ஆம் ஆண்டுப் பிளவுக்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

இப்பிளவின் இரு கரையினரும் கெடாவுக்கு வந்தனர் எனலாம். கத்தோலிக்கரும் லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபினரும் தமிழில் ஓதிய நீசேய அறிக்கையில் ‘மகனிடமிருந்தும்’ என்ற பொருள்தரும் தொடர் இருந்தது. மலையாளிகளுள் ஆர்த்தடாக்ஸ் சிரியன், மார்த்தோமா மரபினர் ஓதிய அறிக்கையில் அது இல்லை. ஆயினும் தோட்டத்துத் தமிழர் பலர் நாள்தோறும் ஓதியது சுருக்கமான அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம். அதில் ஆவியின் புறப்பாடு பற்றிய பேச்சே இல்லை. எனவே ஏட்டுவழி வந்த இவ்வேறுபாடு அவர்களிடையே வழக்காக மாற வாய்ப்பிருக்கவில்லை. வழக்கு வேறிடத்தில் பிறந்தது.

பெயரும் திணையும்

தமிழில் ஆவியை எப்பெயரால் அழைப்பது என்பதே அவ்விடம். போர்த்துக்கீசியர் காலத்து மறைப்பணியாளர் தமிழ்ச் சொல்லை நம்பவில்லை. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறிய காலந்தொட்டு, கோட்பாட்டுச் சொற்கள் பலவற்றை ஒலிபெயர்த்து வழங்குவது கத்தோலிக்க வழக்கமாயிற்று. ‘இஸ்பிரீத்து சாந்து’ என்னும் பெயர் பல தலைமுறையினரின் செபத்தில் நிலைத்தது. அதன் பொருள் மக்களுக்கு விளங்கியிராது. ஆனால் தவறான பொருளும் விளங்கியிராது. சீர்திருத்தத் திருச்சபையினர் ‘பரிசுத்த ஆவி’ என்றனர். கத்தோலிக்கரும் பின்னர் அதனை ஏற்று, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின் ‘தூய ஆவியார்’ என்றனர். 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொதுமொழிபெயர்ப்பும் ‘தூய ஆவி’ என்னும் வழக்கையே கொண்டது.

‘ஆவி’ என்றால் தமிழில் மூச்சு, உயிர், நீராவி, இறந்தோரின் பேயுரு என்றெல்லாம் பொருள்படும். மூச்சு என்னும் பொருள் எபிரேய, கிரேக்க மூலச்சொற்களுக்கு மிக நெருங்கியது. அவ்வகையில் இது சிறந்த தேர்வு. ஆனால் இலக்கணத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆவி அஃறிணைச் சொல். உயிர், தெய்வம், சொல் முதலிய சில பெயர்கள் உயர்திணைப் பொருளைக் குறிக்கும்போதும் அஃறிணை முடிபே கொள்ளும் என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது. தேவரை மக்களோடு சேர்த்து உயர்திணையில் வைத்தது நன்னூல். இம்மரபில் நின்று பார்த்தால் ‘ஆவி வந்தது’ என்பதே இயல்பான தமிழ். ‘ஆவி வந்தார்’ என்பது காதுக்கு இடறும். கிரேக்கத்திலும் இச்சிக்கல் உண்டு. அம்மொழியில் ஆவியைக் குறிக்கும் சொல் அலிப்பால் எனப்படும் பொதுப்பாலைச் சார்ந்தது. சிரியாக்கிலோ தொடக்கத்தில் பெண்பாலாக வழங்கியது. ஆனால் தமிழில் திணை என்பது வெறும் சொல்லமைப்பு அன்று. அறிவுடைய ஒருவரா, ஒரு பொருளா என்ற தீர்ப்பு அதிலே அடங்கியுள்ளது. 381ஆம் ஆண்டுச் சங்கம் விவாதித்த வினாவுக்கு, தமிழில் செபிக்கும் ஒவ்வொருவரும் வினைமுற்றிலேயே விடை கூறியாக வேண்டும்.

இதனால்தான் ‘ஆவியானவர்’ என்றும் ‘ஆவியார்’ என்றும் விகுதி சேர்த்து உயர்திணையாக்கினர். திரித்துவத்தை ஏற்காத யெகோவாவின் சாட்சிகள் தம் அண்மைக்காலத் தமிழ் மொழிபெயர்ப்பில் ‘கடவுளுடைய சக்தி’ என்று அஃறிணையாகவே எழுதுவதும் இதே காரணத்தாலேதான். இரு சாராரும் ஒரே இலக்கணத்தின் வழியே எதிரெதிர்க் கொள்கைகளை நிறுவினர்.

‘ஆள்’ என்னும் சொல்லும் இங்குக் கருதத்தக்கது. கடவுள் ஒருவரே மூன்று ஆட்கள் என்பது பழைய கத்தோலிக்க ஞானோபதேசத்தின் வழக்கு. சீர்திருத்தத் திருச்சபையினர் ‘ஆள்தத்துவம்’ என்றனர். தோட்டத்திலோ ‘ஆள்’ என்பது பெரட்டுக் களத்தில் எண்ணப்படுபவன். துரையின் கணக்கில் ஒரு தலை. ஆளை எண்ணும் உலகில் மூன்று ஆட்கள் என்றால் மூன்று பேர் என்றே படும். இதனைத் தவிர்க்க விளக்குவோர், நீர், பனிக்கட்டி, நீராவி மூன்றும் ஒன்றே என்னும் உவமையைக் கூறுவதுண்டு. ஆவி என்னும் சொல்லே அதில் இருப்பதால் தமிழில் இவ்வுவமை எளிதில் பொருந்துகிறது. ஆனால் ஒரே பொருள் மூன்று நிலைகளில் மாறித் தோன்றுவதாகக் கூறும் இது, 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியு என்பார் கொண்டு திருச்சபை மறுத்த கொள்கைக்கே கொண்டுசெல்லும். மூன்று கடவுளர் என்னும் பள்ளத்திற்கும் ஒருவரின் மூன்று வேடங்கள் என்னும் பள்ளத்திற்கும் இடையே செல்லும் வரப்பு மிகக் குறுகியது.

தமிழகத்துச் சிந்தனையாளர்

இவ்வரப்பில் நடக்க முயன்ற தமிழகத்துச் சிந்தனையாளர் இருவரைக் குறிப்பிடுதல் வேண்டும். வெங்கல் சக்கரை (1880–1958) வழக்குரைஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தவர். இயேசுவை அவதாரமாகக் கண்ட அவர், ஆவியை உயிர்த்தெழுந்த கிறிஸ்துவிலிருந்து பிரித்துப் பார்க்கவில்லை. பாலஸ்தீனத்தில் வாழ்ந்த இயேசுவே, காலத்தையும் இடத்தையும் கடந்து, மக்கள் உள்ளத்தில் தொடர்ந்து செயற்படுவதே ஆவி என்பது அவர் கருத்து. அவதாரம் முடிந்துபோகவில்லை, ஆவியால் அது நீடிக்கிறது. புதுக்கோட்டை நீதிபதியாயிருந்த பாண்டிபெத்தி செஞ்சய்யா (1886–1959) ஆவியைப் புதிய படைப்பின் பேராற்றலாக, மகாசக்தியாக விளக்கினார். இவர்களின் கட்டுரைகள் அடங்கிய தொகுப்பு 1938இல், உலக மறைப்பணி மாநாடு தாம்பரத்தில் கூடிய ஆண்டில், சென்னையில் வெளிவந்தது.

சக்கரையின் கருத்து மேற்கின் கவலையை அதன் எல்லைவரை கொண்டுசென்றது. கிறிஸ்துவும் ஆவியும் ஏறக்குறைய ஒருவரே ஆகிவிடுகின்றனர். செஞ்சய்யாவின் கருத்தில் ஆவி ‘சக்தி’ ஆகிவிடுவதால், அஃறிணைச் சிக்கல் மீண்டும் தலைதூக்குகிறது. சைவ சித்தாந்தம் அருளைச் சிவனினின்றும் பிரியாத சக்தியென்று கூறுவதைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இவ்விரு விளக்கங்களும் அயலாகத் தோன்றியிருக்க மாட்டா. இவ்வறிஞர் ஆங்கிலத்திலேயே மிகுதியும் எழுதினர்; தோட்டத்து உபதேசியாரை இந்நூல்கள் எட்டியிருக்க வாய்ப்பில்லை. எனினும் அவர்கள் ஏட்டில் எழுப்பிய வினாவையே தோட்டம் அனுபவத்தில் எழுப்பியது.

அருளா, ஆவியா?

ஆவியின் வரங்களைப் பற்றிய எழுச்சி தமிழருக்கு மேலைநாட்டிலிருந்து வந்ததென்று கருதுவோர் உளர். 1906இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீசில் தோன்றிய பெந்தெகொஸ்தே எழுச்சியே தொடக்கம் என்பர். அதற்கு 46 ஆண்டுகள் முன்பே, 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) தலைமையில் எழுந்த எழுச்சியில் அந்நிய பாஷை பேசுதலும் தீர்க்கதரிசனம் உரைத்தலும் நிகழ்ந்தன. சம்பளம் பெறாமல் ஊழியம் செய்யும் தமிழ்ச் சபைகளை உருவாக்கியவர் அவர். ஐரோப்பியர் கட்டுப்பாட்டிற்கு வெளியே ஆவியின் பேரால் தமிழர் பேசத் தொடங்கியதே அந்நிகழ்ச்சியின் சிறப்பு.

மலாயாவுக்குத் தமிழ்ப் பெந்தெகொஸ்தேயைக் கொணர்ந்ததில் பெரும்பங்கு சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனுக்கு உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த பாஸ்டர் பால் என்னும் இராமன்குட்டி கொழும்பில் 1920களில் தொடங்கிய இவ்வியக்கம் 1930களில் மலாயாவை அடைந்தது. வெள்ளுடை, மணத்துறவு, கூட்டு வாழ்க்கை, மருந்தை நாடாமல் இறைவேண்டலை நம்புதல் ஆகியன அதன் ஊழியரின் அடையாளங்கள். பெண்களும் முழுநேர ஊழியராயினர். பின்னர் அசெம்பிளீஸ் ஆஃப் காட் முதலிய சபைகளும் தமிழரிடையே பரவின.

கிறிஸ்துவை ஏற்று ஞானஸ்நானம் பெற்றவனிடம் ஆவி ஏற்கெனவே உள்ளார் என்றன பழைய திருச்சபைகள். அதற்குப் பின்னரும் ஆவியின் அபிஷேகம் என்னும் தனி அனுபவம் உண்டு, அந்நிய பாஷை அதன் அடையாளம் என்றன பெந்தெகொஸ்தே சபைகள். கிறிஸ்துவோடு சேர்ந்தே ஆவியா, கிறிஸ்துவுக்குப்பின் ஆவியா என்று இவ்வழக்கைச் சுருக்கலாம். கிழக்கும் மேற்கும் கடவுளின் உள்ளுறவைக் குறித்து வினவியதை, இங்கு மனிதனின் அனுபவத்தைக் குறித்து வினவினர்.

தோட்டச் சூழலில் இவ்வினாவுக்குத் தனிக் கூர்மை இருந்தது. லயத்துக்கு அருகில் உள்ள கோயிலில் திருவிழாக் காலத்தில் சாமியாடிக்கு அருள் வரும், உடல் நடுங்கும், வாக்குப் பிறக்கும். பேய் பிடித்தவருக்கு மந்திரிப்பதும் நடக்கும். பெந்தெகொஸ்தே ஆராதனையிலும் உடல் நடுங்குகிறது; விளங்காத மொழி பிறக்கிறது. அப்படியாயின் இரண்டிற்கும் வேறுபாடு என்ன? பழைய திருச்சபையினர் ஐயுற்றதும், இந்துக்களான அயலார் வியந்ததும் இதுவே. இதற்குப் பெந்தெகொஸ்தே சபைகள் கூறிய விடை, இயேசு மனித உடலில் வந்தார் என்று அறிக்கையிடும் ஆவியே கடவுளிடமிருந்து வந்தது என்னும் யோவான் நிருபத்தின் அளவுகோல். அதாவது, ஆவியின் உண்மையைக் கிறிஸ்துவைக் கொண்டே அறிய வேண்டும். தொலேதோவில் கூடிய ஆயர்கள் தம் சொற்சேர்க்கையால் காக்க முயன்றதும் ஏறக்குறைய இவ்வுறவையே. நீசேய அறிக்கையை ஓதாத சபைகள், அதன் மேற்கத்தியக் கவலையைப் பேயோட்டும் களத்தில் கண்டுகொண்டன என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் சமூகப் பொருளும் உண்டு. ஆவி திருச்சபையின் அருட்சாதனங்கள் வழியே வருகிறார் எனில், குருவின்றி அவர் பணி நிறைவுறாது. குருவோ நகரத்தில் இருக்கிறார். ஆவி விரும்பியவர்மேல் வருகிறார் எனில், பால்வெட்டும் பெண்ணும் எழுந்து பேசலாம். துரை, கிராணி, கங்காணி எனப் படிப்படியாக அடுக்கப்பட்ட உலகில் இது சிறு மாற்றமன்று. 1946–47இல் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தது தன்மதிப்பைத் தேடிய மற்றொரு வழி. இரண்டும் ஒன்றல்ல; ஒன்று தொழிலாளர் இயக்கம், மற்றது சமய எழுச்சி. எனினும் எண்ணப்படும் ‘ஆள்’ என்ற நிலையிலிருந்து மதிக்கப்படும் ஆளாக உயரும் வேட்கை இரண்டிலும் இருந்தது என்று கருத இடமுண்டு. அதே வேளையில், ஆவியின் பேரால் பேசியவரைத் தட்டிக்கேட்க ஆளில்லாத இடங்களில் ஒரு தனிமனிதரின் குரலே கடவுளின் குரலாகிவிடும் இடரும் இருந்தது. பழைய திருச்சபைகளின் தயக்கத்தை வெறும் அதிகார ஆசையென்று தள்ளிவிடலாகாது.

மூன்று பெயரா, ஒரே பெயரா?

பெந்தெகொஸ்தே இயக்கத்தின் உள்ளேயே ஒரு பிளவு உண்டு. தந்தை, மகன், ஆவி என்பன இயேசு என்னும் ஒருவரின் பெயர்களே என்று கூறி, இயேசுவின் பெயரால் மட்டும் ஞானஸ்நானம் கொடுப்போர் 1910களில் அமெரிக்காவில் தோன்றினர். 1916இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் திரித்துவத்தை உறுதிப்படுத்தியபோது இவர்கள் பிரிந்தனர். இவர்களின் வழிவந்த ஒருமைக் கொள்கைச் சபைகள் தமிழகத்திலும் மலேசியாவிலும் உள்ளன. மத்தேயு நற்செய்தியின் இறுதியில் மூவர் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கும் கட்டளை உள்ளது. அப்போஸ்தலர் பணியிலோ இயேசுவின் பெயரால் கொடுத்ததாக வருகிறது. இரண்டையும் எவ்வாறு இணைப்பது என்பதே வழக்கின் மூலம்.

இது வெறும் சொற்போராக நிற்பதில்லை. கத்தோலிக்கர், லுத்தரன், ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு திருச்சபையினர் மூவர் பெயரால் நீரைக்கொண்டு கொடுத்த ஞானஸ்நானத்தைத் தமக்குள் ஏற்கின்றனர். ஒருமைக் கொள்கையினர் அதனை ஏற்பதில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை குழந்தை ஞானஸ்நானத்தையும் ஏற்பதில்லை. எனவே ஒரே குடும்பத்தில் அண்ணன் பெற்றதைத் தம்பி ஞானஸ்நானமே அன்று எனக் கூறும் நிலை எழுகிறது. திருமணத்தை யார் நடத்துவது, இறந்தவரை எந்தக் கல்லறையில் அடக்குவது என்பன அதன் தொடர்ச்சி. சிறுபான்மையினருள் சிறுபான்மையினராய் வாழும் மக்களுக்கு இவ்வினாக்கள் எளியன அல்ல.

இரப்பர் அழிந்து செம்பனை எழுந்ததும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானதும் மக்களைச் சுங்கை பட்டாணி, கூலிம் முதலிய நகரங்களுக்குப் பெயர்த்தன. தோட்டத்தில் ஒரே செபக்கூடத்தில் கூடியோர் நகரத்தில் பல சபைகளைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. மறுபுறம், 1967இல் அமெரிக்காவில் தோன்றிய கத்தோலிக்க அருங்கொடை இயக்கம் உலகெங்கும் பரவியதால், ஆவியின் அனுபவத்தைப் பேசுவது பெந்தெகொஸ்தே சபைகளின் தனியுரிமையாக இல்லாமற் போயிற்று.

முடிவுரை

உலக அரங்கில் பழைய வழக்கு தணிந்து வருகிறது. 1978இல் ஆங்கிலிக்க ஆயர்களின் லம்பெத் மாநாடு சர்ச்சைக்குரிய சொல்லை நீக்குவதைக் கருதுமாறு வேண்டியது. 1995இல் உரோமை, கிழக்கின் கவலையை மதித்து விளக்கம் வெளியிட்டது. 2024இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கூட்டறிக்கை வெளியிட்டன. நீசேய சங்கத்தின் 1700ஆம் ஆண்டு 2025இல் நினைவுகூரப்பட்டது.

கெடா தமிழரின் வரலாறு இவ்வரங்கில் இடம்பெறவில்லை. ஆயினும் நாம் கண்டவாறு, மூலமொழி அறியாத மக்களும் அதே வினாவின் முன் நின்றனர். ஆவி ‘வந்தது’ என்பதா, ‘வந்தார்’ என்பதா? கிறிஸ்துவின்றி அவரை அறிய இயலுமா? மூவர் பெயரா, ஒரு பெயரா? இவற்றிற்கு அவர்கள் அளித்த விடைகள் நூல்களில் இல்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளிலும், தேய்ந்துபோன செபப் புத்தகங்களிலும், முதியோரின் நாவில் எஞ்சியுள்ள பழைய செபச் சொற்களிலும் உள்ளன. தோட்டங்கள் மறைந்தன, அங்கிருந்த செபக்கூடங்கள் பலவும் மறைந்து வருகின்றன. ஒருவர் இஸ்பிரீத்து சாந்து என்று செபித்தாரா, பரிசுத்த ஆவி என்றாரா, தூய ஆவியார் என்றாரா என்பதைக் கொண்டே அவர் எந்தத் தலைமுறையினர், எந்தச் சபையினர் என்று ஓரளவு கூறிவிடலாம். அச்சொற்களைத் தொகுத்துப் பதிவுசெய்வது நம் துறையினர் காலந்தாழ்த்தாது மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.